கிரா கால்வாய் ஏன் இன்னும் வரவில்லை?

கே: தாய்லாந்தின் கிரா பூசந்தியை (இரு கடலுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய நிலம்) வெட்டிக் கால்வாய் விட்டால் கப்பல்கள் மலாக்கா நீரிணையைச் சுற்ற வேண்டாமே, சிங்கப்பூர்தான் தடுக்கிறதா? – ஒரு வாசகர், காரைக்குடி

ப: சிங்கப்பூருக்கு அது பிடிக்காது, சரிதான். ஆனால் கணக்கே இடிக்கிறது. சூயஸ் வழியாகப் போனால் ஆப்பிரிக்காவையே சுற்றும் வேலை மிச்சம். கிராவில் மிச்சமாவது சுமார் 1,200 கிலோமீட்டர், அதாவது இரண்டு மூன்று நாள், அதற்குக் கட்டணம் வேறு கட்டச் சொன்னால் கப்பல்காரர் சுங்கமே இல்லாத மலாக்கா பக்கம்தான் திருப்புவார்.

அரசியலும் உண்டு. 1946இல் போட்ட ஒப்பந்தத்தில், தன்னைக் கேட்காமல் அங்கே கால்வாய் வெட்டக்கூடாது என்று பிரிட்டன் எழுதி வாங்கிக்கொண்டது. இன்றைக்கு பாங்காக்கின் கவலை வேறு: பிரிவினைக் கிளர்ச்சி நடக்கும் தெற்கு மாகாணங்களை நாமே தண்ணீரால் துண்டிப்பதா? நம் அந்தமான் தீவுகளுக்கு நேர் எதிரே அந்தக் கால்வாயின் வாய் திறக்கும் என்பதால் டெல்லிக்கும் இதில் அக்கறை உண்டு.

கால்வாய்க்குப் பதில் இப்போது பேசுவது, மேற்குக் கரை ரனோங்கையும் கிழக்குக் கரை சும்போனையும் ரயில், சாலையால் இணைக்கும் ‘தரைப்பாலம்’, சுமார் 1 லட்சம் கோடி பாட் (தாய்லாந்து நாணயம்) செலவில். ரனோங்கில் கிரேன் வைத்து கன்டெய்னரை இறக்கி, ரயிலிலோ லாரியிலோ சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டி, சும்போனில் இன்னொரு கப்பலில் ஏற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை இப்படி இறக்கி ஏற்றி முடிப்பதற்குள், மிச்சமான நாள் துறைமுகத்திலேயே கரைந்துவிடும்!