பெர்வாங்கர் வீணடித்தாரா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஜே பெர்வாங்கரைப் பற்றிப் படித்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகப் பந்தோடு ஓடியவர் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து). 1935ல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பை அவருக்கு. 1936ல் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களை அணிகளுக்குப் பிரித்துக்கொடுத்த முதல் வீரர் தேர்விலும் முதல் பெயர் அவருடையதே. ஆனால் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இப்படியொரு திறமையை வீணடிக்கலாமா? மனசே ஆறவில்லை. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டின் தழும்புக் கதை நிஜமா?

– கே.

அன்புள்ள கே.,

தழும்பு நிஜம்தான். 1934ல் மிச்சிகனுக்கு ஆடிய ஃபோர்டு, பெர்வாங்கரை மடக்கப் போய்க் கண்ணுக்குக் கீழே கிழித்துக்கொண்டார். அது கிடக்கட்டும்.

மனசு ஆறவில்லை என்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் யாருக்காக ஆறவில்லை? அவருக்காகவா, பார்க்கக் கிடைக்காமல் போன ஆட்டங்களுக்காகவா?

என் சித்தப்பா கபடியில் பேர்போனவர். கல்யாணமானதும் உரக்கடை வைத்துவிட்டார். "ஆடியிருந்தா எங்கேயோ போயிருப்பான்" என்று டீக்கடையில் அங்கலாய்த்தவர்களில் ஒருவராவது அவரிடம் ஒரு மூட்டை யூரியாவைக் கைக்காசு கொடுத்து வாங்கியதில்லை.

அன்றைய என்எஃப்எல்லை இன்றைய பணமழையாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் தேர்வில் 81 பேரை எடுத்தார்கள். பெரும்பாலோர் ஆடப் போகவே இல்லை. படித்த பையனுக்கு ஆபீஸ் வேலை அதைவிட மேல். பெர்வாங்கரை எடுத்த பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு அவர் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கைமாற்றியது. பேர்ஸின் முதலாளி ஜார்ஜ் ஹாலஸிடம் இரண்டு ஆண்டுக்கு 25,000 டாலர் கேட்டார். ஹாலஸ் முடியாது என்றார். பேச்சு முடிந்தது. பெர்வாங்கர் ரப்பர் விற்கும் வேலைக்குப் போய், பிறகு சொந்தமாகவே கம்பெனி வைத்து நன்றாக வாழ்ந்து, 2002ல் காலமானார்.

அந்த ஹைஸ்மன் கோப்பையைப் பார்த்திருப்பீர்கள்: பந்தை இடுக்கிக்கொண்டு, மறுகையை நீட்டி எதிராளியைத் தள்ளும் வெண்கல ஆள். அதை அத்தை வீட்டில் கொடுத்துவைத்திருந்தார். அத்தை கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்திருந்தார்! அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் மனசு ஆறாமல் இல்லை என்று தெரிகிறது.

நம் ஆட்கள் இப்படித்தான். பாடுகிறவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடுகிறவன் முட்டி தேயும்வரை ஓட வேண்டும். நமக்குப் புல்லரிக்க வேண்டுமே! அவன் வீட்டு வாடகையை மட்டும் யாரும் கேட்கமாட்டோம். கூலி கேட்டவரைக் குற்றவாளியாக்கி ஒரு கடிதமே எழுதிவிட்டீர்கள். கொடுக்க மறுத்த ஹாலஸைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே, ஐயா?