இழுப்பறையில் கிடக்கும் ஐபேடும் பழைய இசைச் செயலிகளும்: கேள்வி பதில்

கைபேசியிலும் ஐபேடிலும் இசையமைக்கும் பழைய செயலிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 2010-இல் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

கேள்வி: அண்ணா, 2012 வாக்கில் காசு கொடுத்து வாங்கிய இசைச் செயலிகளில் பாதி, புதிய ஐபேடில் தேடினால் கிடைக்கவில்லை. எங்கே போயின?

2017 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 11-தான் (ஐபோன், ஐபேடின் இயங்குதளம்) அவற்றுக்குக் காலன். பழைய வகைச் சில்லுகளுக்காக, அதாவது 32 பிட்டில், எழுதப்பட்ட செயலி எதுவும் அதற்குப் பிறகு திறக்காது. பெரிய நிறுவனங்கள் 64 பிட்டுக்கு மாற்றி எழுதின. தனி ஆளாக வீட்டில் உட்கார்ந்து உருவாக்கியவர்களில் பலருக்கு அதற்கு நேரமும் இல்லை, வருமானமும் இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரீபர்த் என்ற செயலியின் கதை வேறு. ரோலண்ட் என்ற இசைக்கருவி நிறுவனத்தின் 303, 808, 909 ஆகிய மின்னணு பாஸ், தாளக் கருவிகளைத் திரையில் அப்படியே கொண்டுவந்தது அது. 1990-களில் கணினியில் பெயர் பெற்று, 2010-இல் ஐபோனுக்கும் வந்தது. தன் உரிமைகள் மீறப்படுவதாக ரோலண்ட் சொல்லவே, 2017-இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐபேட் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்கலாமா?

சும்மா கிடக்கிறது என்று சொல்லாதீர்கள், அது புதையல். அது ஐஓஎஸ் 10-உடன் நின்றுவிட்டது. ஐஓஎஸ் 11-க்குப் போகவே முடியாததால் 32 பிட் செயலிகள் அதில் இன்றும் திறக்கும். ஐபேட் 2-உம் 3-உம் ஐஓஎஸ் 9-உடன் நின்றன. முதல் ஐபேடில் இருப்பது 256 எம்பி நினைவகம்தான். அதில் ஒரு செயலி ஓடினாலே மூச்சு வாங்கும்.

முதல் விதி: எதையும் அழிக்காதீர்கள். "சுத்தமாக ஆரம்பிப்போம்" என்று நினைத்து நான் ஒருமுறை முழு ஐபேடையும் துடைத்துவிட்டேன். திரும்ப இறக்கப் போனால் நான்கு செயலிகள் கடையிலேயே இல்லை. அவற்றில் செய்து வைத்திருந்த மெட்டுகளும் அவற்றோடு போயின.

அடுத்து, கடைச் செயலியில் 'வாங்கியவை' பட்டியலுக்குப் போங்கள். விற்பனையில் உள்ள செயலியென்றால், இந்த ஐபேடுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை இறக்கலாமா என்று கேட்கும்; சரி என்று சொல்லுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையா? இன்னொரு கருவிக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கடவுச்சொல்லின் வாலிலேயே ஒட்டித் தட்டச்சு செய்யுங்கள். பழைய ஐஓஎஸ்ஸில் அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது.

கேள்வி: சார், என் பழைய ஐபேடின் திரை ஓர் ஓரத்தில் மேலே எழும்பியிருக்கிறது. சார்ஜ் போடலாமா?

கூடவே கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கிப் பார்க்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். இசை பிறகு.

கேள்வி: முதலில் எதைத் திறக்கச் சொல்வீர்கள்?

இரண்டு பெயர் சொல்கிறேன். ஒன்று, 2012-இல் வந்த ஃபிகர். தாளம், பாஸ், மெட்டு என்று மூன்றே பகுதிகள். திரையில் விரலை வைத்தால் ஓசை. தாளக்கட்டைத் திரையிலுள்ள சக்கரம் பார்த்துக்கொள்ளும். சுரவரிசையை முன்பே பூட்டி வைத்திருப்பதால் அபசுரம் வராது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு துண்டு முடிந்துவிடும். இன்றைய செயலிகளில் நூறு தடங்கள் இருக்கின்றன, முடிந்த பாட்டுதான் இல்லை.

மற்றொன்று அதற்கு நேர்மாறு: கோர்க் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஐஎம்எஸ்-20. 1978-ஆம் ஆண்டின் எம்எஸ்-20 சின்தசைசரை (மின்சுற்றுகளால் ஓசை உண்டாக்கும் கருவி) கம்பிகளோடு திரையில் நிறுத்தியது. எந்தக் கம்பியை எங்கே செருகினால் ஓசை எப்படித் திரும்புகிறது என்று விரலால் கற்கலாம். முதல் வாரம் வெறும் கீச்சொலிதான் வரும். வீட்டில் உள்ளவர்கள் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவையெல்லாம் பொம்மைகள்தானே? யாராவது உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறார்களா?

கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 'தி ஃபால்' பாடல் தொகுப்பைக் கேளுங்கள். 2010-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன் பெரும்பாலும் ஐபேடிலேயே உருவாக்கியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரசிகர் மன்றத்தினருக்கு இலவசமாகக் கிடைத்தது. ஐஎலெக்ட்ரைப், ஃபங்க்பாக்ஸ் போன்ற செயலிகள் அதில் பயன்பட்டன. தொகுப்பு பிரமாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐபேட் கடைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது.

கேள்வி: எங்களிடம் ஆண்ட்ராய்டுதான் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஒரு பழைய குறையோடு. திரையைத் தொடுவதற்கும் ஓசை கேட்பதற்கும் நடுவே தாமதம். பத்து மில்லி விநாடி என்றால் காது கண்டுகொள்ளாது. அந்தக் கால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது நூறைத் தாண்டியது. தட்டிய பிறகு எங்கோ அடுத்த அறையில் யாரோ மத்தளம் அடிப்பது போலிருக்கும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்த பிறகுதான் நிலைமை ஓரளவு சீரானது.

காஸ்டிக் என்ற பழைய ஆண்ட்ராய்டு இசைச் செயலி அந்தத் தாமதத்தையும் மீறிப் பலரைக் கட்டிப்போட்டது. ஆனால் ஆண்ட்ராய்டு 14 மிகப் பழைய செயலிகளை நிறுவவே விடாது. 32 பிட் செயலிகளை ஏற்காத போன்களும் வந்துவிட்டன. ஆகவே இங்கும் பழைய போனைக் காப்பாற்றுவதுதான் வழி.

புதிய போனே வேண்டும் என்றால் சன்வாக்ஸ் என்ற இசைச் செயலி. அலெக்சாண்டர் சோலோடோவ் 2008 முதல் விடாமல் பராமரித்து வருகிறார். போனில் செய்ததைக் கணினியில் திறக்கலாம்; கணினிப் பதிப்பு இலவசம். முகப்பைப் பார்த்து மிரள வேண்டாம்.

கேள்வி: புது போனிலும் தாமதம் வருகிறதே!

புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி போட்டதை மாட்டுங்கள்.

கேள்வி: ஐயா, நான் கர்நாடக இசை கற்பவள். இந்தச் செயலிகளில் கமகம் வருமா?

கட்டை கட்டையாகச் சுரம் வைத்திருக்கும் செயலிகளில் வராது. கண்ணாடித் திரையில் விரல் வழுக்குவதைச் சுரமாக மாற்றும் செயலி வேண்டும். 2011-இல் வந்த அனிமூக் அப்படிப்பட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை இழுக்கலாம், சுரவரிசையையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பின்னாளில் வந்த ஜியோஷ்ரெட் இதை இன்னும் நன்றாகச் செய்கிறது. மகேஷ் ராகவன் அதை வைத்துக் கர்நாடக உருப்படிகள் வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள். மாயாமாளவகௌளை சரளி வரிசையில் தொடங்குங்கள். ரிஷபத்தை அசைக்கும்போது விரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும். குரலில் கிடைக்காத வசதி அது.

கேள்வி: பழைய ஐபேடில் இருக்கும் பாட்டுகளை எப்படி வெளியே எடுப்பது?

கணினியில் கம்பியால் இணைத்து, கோப்புப் பகிர்வுப் பகுதியில் அந்தச் செயலியின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். தெரியாவிட்டால் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து ஏதாவது ஒரு பதிவுக் கருவியில் செருகி, பாட்டை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். முதலில் முழுப் பாட்டு; பிறகு மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டுத் தாளம் மட்டும், பாஸ் மட்டும் என்று ஒவ்வொன்றாக. அலுப்பான வேலைதான். ஆனால் செயலியின் சொந்தக் கோப்பை அந்தச் செயலிதான் படிக்கும், பதிவான வேவ் ஒலிக்கோப்பை எல்லாச் செயலிகளும் படிக்கும்.

கோப்பின் பெயரிலேயே வேகத்தையும் எழுதிவிடுங்கள்: 'மழை 96' என்பது போல. என்னிடம் 'புதியது', 'புதியது 2', 'நிஜமாகவே புதியது' என்று மூன்று கிடக்கின்றன. மூன்றும் 2013-இல் செய்தவை.