60 கேம், 1,800 ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி: தமிழ்நாடு-கேரளா எல்லையில், கேரளப் பக்கம் இருக்கும் வேலந்தாவளம் அருகே எங்கள் ஊர். மகன் பிளஸ் டூ முடித்ததும் கோவையில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சொல்லியிருக்கிறோம். "1,800 ரூபாய் சேர்த்துக் கொடுங்க, 60 கேம் ஏத்தித் தர்றேன்" என்று கடைக்காரர் 500 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார். எல்லாம் கிராக் செய்தவை, அதாவது பூட்டை உடைத்து எடுத்த திருட்டு நகல்கள் என்று பிறகுதான் தெரிந்தது. "எப்படியும் நாம காசு கொடுத்து வாங்கப் போறதில்ல, கம்பெனிக்கு என்ன நஷ்டம்?" என்கிறான் மகன். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது திருட்டுதானா? போலீஸ் கேஸ் ஏதாவது வருமா?

பதில்: அம்மா, முதலில் போலீஸ் பயத்தைத் தள்ளி வையுங்கள். வீட்டில் உட்கார்ந்து கிராக் கேம் விளையாடுகிற பையனைத் தேடி யாரும் வந்ததாக, பாலக்காட்டில் வக்கீலாக இருக்கும் என் மேசைக்கு இதுவரை ஒரு வழக்கும் வந்ததில்லை. அதற்காகச் சட்டம் சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ செய்யவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதம் போட்டு விட்டுவிடலாம் என்று நீதிமன்றத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது. "சொந்த உபயோகத்துக்குன்னா தப்பில்லை" என்று டீக்கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். சொந்த உபயோகத்துக்கு என்று சட்டம் தரும் சலுகை மென்பொருளுக்குக் கிடையாது. கேமும் மென்பொருள்தான்.

கடைக்காரர் கதை வேறு. அவருக்குப் பிரிவு 63: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. இதில் போலீஸே நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சொல்லி என்ன? கடை வாசலில் "ஆல் கேம்ஸ் லோடிங்" போர்டு அப்படியே தொங்குகிறது.

இனி உங்கள் மனசு கேட்ட கேள்விக்கு வருகிறேன். மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 4,000 ரூபாய் கேமை வாங்க வழியே இல்லாத பையன் அதை ஓசியில் விளையாடினால் கம்பெனி கல்லாவிலிருந்து 4,000 ரூபாய் காணாமல் போய்விடாது. ஒவ்வொரு டவுன்லோடையும் இழந்த விற்பனையாக எழுதும் நஷ்டக் கணக்கை நானும் நம்புவதில்லை. பொருளைத் தூக்கிக்கொண்டு போகிற திருட்டும் இதுவும் சட்டத்தில் ஒன்றல்ல.

ஆனால் "காசு கொடுத்து வாங்கப் போறதில்ல" என்று மகன் சொல்லும்போதே, நீங்கள் 1,800 ரூபாயை எடுத்து நீட்டப் போகிறீர்களே? காசு இருக்கத்தான் செய்கிறது. அது போய்ச் சேரும் இடம்தான் தப்பு. 2023இல் 'வெண்பா' என்று ஒரு கேம் வந்தது. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா தந்த பழைய சமையல் குறிப்பில் அழிந்துபோன இடத்தை யூகித்து நாம் இட்லி அவிக்க வேண்டும். அதையும் கிராக் செய்து 60இல் ஒன்றாக ஏற்றிக் கொடுத்தால் உழைத்தவருக்கு ஒரு பைசா போகாது, காப்பி பேஸ்ட் செய்தவருக்கு முழுக் காசும் போகும். ஓசியில் எடுப்பவனை நான் திட்டுவேன், அவ்வளவுதான். விற்பவனை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் பிள்ளைகள் நாம் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கடையை விட்டால் பையன் அடுத்து டெலிகிராம் பக்கம் போவான். அங்கே "ஒரிஜினல் ஸ்டீம் அக்கவுண்ட், 300 ரூபாய்" என்று ஒருவர் இருப்பார். ஸ்டீம் என்பது கேம் விற்கும் இணையக் கடை. ஒரே பஸ் பாஸை ஐம்பது பேருக்கு விற்கிற மாதிரி, ஒரு கேம் வாங்கிய கணக்கின் பாஸ்வேர்டை வருகிற எல்லோருக்கும் கொடுப்பார். கணக்கை விற்கவே கூடாது என்பது ஸ்டீமின் விதி. ஒரு நாள் பாஸ்வேர்டு மாறும், டெலிகிராம் ஆசாமியும் காணாமல் போவார். பாதி விலைக்கு 'கீ', அதாவது கேமைத் திறக்கும் குறியீடு விற்பவர்களிடமும் ஜாக்கிரதை. யாரோ ஒருவரின் திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய கீ கலந்திருக்கும். கார்டுக்காரர் புகார் கொடுத்துப் பணம் திரும்பிப் போனதும் கீ செத்துவிடும். இதில் நடப்பது நிஜத் திருட்டு, பையனுக்கு அது தெரியவே தெரியாது.

கிராக் கேம் போடும்போது "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க" என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்தாலே நிறுத்திவிடச் சொல்லுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிற புரோகிராம்கள் நுழைய இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. அதே கம்ப்யூட்டரில்தானே காலேஜ் அட்மிஷனும் உங்கள் நெட் பேங்கிங்கும் நடக்கப் போகிறது? பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். அதன் பிறகு ஸ்டேஷனுக்குப் போனால் நம் எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு மரியாதை உண்டு: கோவையில் "நீங்க கேரளா, பாலக்காட்டுக்குப் போங்க" என்பார்கள், இங்கே "கடை தமிழ்நாட்டுல, அங்கேயே கொடுங்க" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். பிரிவு எண்ணைச் சீட்டில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்ததற்கு இப்படி அலைய வேண்டியிருக்கிறது. அப்புறம், "நீங்கள் திருட்டு கேம் விளையாடியது பதிவாகிவிட்டது, அபராதம் கட்டுங்கள்" என்று திரையில் போலீஸ் முத்திரையோடு ஏதாவது வந்தால் அது மோசடி. எந்தப் போலீஸும் அப்படி யுபிஐயில் அபராதம் வசூலிப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கம்பெனிக்காரர்கள் பக்கம் நிற்க மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய கேமையே அவர்கள் பறித்துக்கொண்டால்? யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் 'தி க்ரூ' என்ற கார் கேமை வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று அதை இணையம் வழியே இயக்கிய தன் கம்ப்யூட்டரை, அதாவது சர்வரை மூடியது. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்தவருக்கும் ஆட்டம் முடிந்தது. "நீங்கள் வாங்குவது பொருள் அல்ல, அனுமதி மட்டும்தான்" என்று விற்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பேச்சையே காணோம். முறையாக வாங்கிய மென்பொருள் கெட்டுப்போனால் உதவட்டும் என்று ஒரு காப்பு நகல் எடுத்து வைக்க நம் சட்டம் அனுமதிக்கிறது. கையில் இருப்பதிலிருந்து எடுப்பதற்குத்தான் அந்த அனுமதி, இணையத்தில் எவரோ உடைத்துப் போட்டதை இறக்குவதற்கு அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன்: காசையும் வாங்கிக்கொண்டு சரக்கையும் எடுத்துக்கொண்டு போனால், காசு கொடுத்தவன் அதை வேறு வழியில் தேடிப் பிடிப்பதைப் பாவம் என்று எப்படிச் சொல்வது? வக்கீலாக "செய்யாதே" என்பேன். மனுஷனாக என்னால் அவனைக் குறை சொல்ல முடியவில்லை. விற்பனையிலேயே இல்லாத பழைய கேம்களுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்கள் கடைக்காரர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அவர் ஏற்றும் 60இல் ஒன்றைக்கூட உங்கள் மகன் முன்பு காசு கொடுத்து வாங்கியதில்லை.

சரி, அந்த 1,800 ரூபாயை என்ன செய்வது? எபிக் ஸ்டோர் என்ற இணையக் கடையில் பல வருடங்களாக வாராவாரம் ஏதாவது கேம் இலவசமாக, முறையாகவே தருகிறார்கள். ஸ்டீமில் யுபிஐயில் பணம் கட்டலாம். கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் பழைய கேம்கள் அடிமாட்டு விலைக்கு வரும். பிடிக்கவில்லை என்றால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம்.

கம்ப்யூட்டரை எடுக்கப் போகும்போது விண்டோஸ் ஒரிஜினலா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஆக்டிவேட் பண்ணியிருக்கு" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். கேம் ஏற்றும் அதே கை அதையும் கிராக் செய்திருக்கும். கொடுத்த 500 ரூபாயை நுகர்வோர் மன்றம் வழியாக வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். சட்டவிரோதமான சரக்குக்குக் கொடுத்த முன்பணம் அது. பேசித்தான் வாங்க வேண்டும். தர மாட்டேன் என்றால் அந்தத் தொகைக்கு ஒரு மௌஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் பில்லோடு.