சோளகத்துக்கு எதிரே ஓடும் லொறி: வாகனக் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணை, சுன்னாகம் சந்தையில் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு சங்குப்பிட்டிப் பாலத்தால் மன்னாருக்கு ஓடுகிறேன். பழைய கன்ரர். ஆனி, ஆடியில் போகும்போது டீசல் கண்டபடி குடிக்கிறது, திரும்பி வரும்போது அப்படியில்லை. போன கிழமை இலுப்பைக்கடவைக்குக் கிட்ட ஊசி சிவப்புக்கு இறங்கிவிட்டது. வளைவுகளில் எஞ்சின் இழுக்காமல் விக்கி விக்கி ஓடியது. பம்பில் பழுதோ? அவசரத்துக்கு மண்ணெண்ணெய் கலக்கலாம் என்கிறான் கூட்டாளி. கலக்கலாமோ?
– லொறிச் சாரதி ஒருவர், கோண்டாவில்

பதில்: தம்பி, போகும்போது கூட, வரும்போது குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். பழுதென்றால் இரண்டு பக்கமும் குடிக்கவேணும். உங்கள் டீசலைக் குடிப்பது சோளகம், தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று.

பூநகரியிலிருந்து மன்னார் வரை அந்தப் பாதை தெற்கும் தென்மேற்குமாகத்தான் இறங்குகிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை காற்றும் அந்தத் திசையிலிருந்து நேரே முகத்துக்கு வரும். மறைப்பு இல்லாத வெளி. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகளை நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

இனிக் கணக்கைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். காற்றில்லாத நாளில் 60இல் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். எதிர்க்காற்று 30 கிலோமீற்றரில் வீசினால் லொறியின் முகத்தில் அடிப்பது 90. 60க்கு 90 என்றால் ஒன்றரை மடங்கு, அதன் வர்க்கம் இரண்டேகால் மடங்கு. ரயர் உருளுவதற்கும் டீசல் போகிறபடியால் முழுச் செலவும் இரண்டேகால் மடங்காகாது. ஆனாலும் ஊசி விழுவது கண்ணுக்குத் தெரியும். அதே காற்றில் 45க்கு இறக்கினால் முகத்தில் அடிப்பது 75, எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 100 கிலோமீற்றர் ஓட அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடச் செல்லும், அவ்வளவுதான். வெங்காயத்துக்கு அந்த அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யாது.

வேகத்தைக் குறைத்த பிறகும் உச்சக் கியரிலேயே எஞ்சினைத் திணறவிடக் கூடாது. கறுப்புப் புகை தள்ளினால் டீசல் எரியாமல் போகிறது என்று அர்த்தம். ஒரு கியர் இறக்குங்கள். படங்கை இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்து உப்பி அடிக்கும் படங்கு லொறியைப் பின்னுக்கு இழுக்கும். குலைகளைக் கபினுக்கு மேலால் உயர்த்தி அடுக்காமல் பின்பக்கம் பரப்பி ஏற்றுங்கள். முடியுமென்றால் விடியப்புறம் வெளிக்கிடுங்கள். வெயில் ஏற ஏறத்தான் அந்த வெளியில் காற்றும் ஏறும்.

அடுத்தது அந்த விக்கல். இதைத்தான் கவனமாகப் பார்க்கவேணும். டீசலை உறிஞ்சும் குழாய் ராங்கியின் அடியில் முட்டாமல் சற்று மேலே நிற்கும். டீசல் குறைந்தால், வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்க, குழாய் காற்றை இழுக்கும். எண்ணெய்ச் செற்றில் டீசல் நிரப்பிய பிறகு எஞ்சின் ஒழுங்காக இழுத்திருந்தால் காரணம் அதுதான். நிரப்பிய பிறகும் இழுவை குறைவென்றால் பில்ரரில் ஊத்தை. 2022 தட்டுப்பாட்டில் பீப்பாவிலும் கானிலும் சேர்த்த டீசலை ஊற்றி ஓடிய லொறி என்றால், ராங்கியின் அடியில் மண்டியும் தண்ணீரும் இன்னும் கிடக்கக்கூடும். ராங்கியை ஒருமுறை கழற்றிக் கழுவுவியுங்கள், பில்ரரையும் மாற்றுங்கள்.

பெற்றோல் வாகனம் வற்றி நின்றால் ஊற்றிவிட்டு ஓடலாம். டீசல் அப்படியல்ல. பம்புக்குள்ளும் இன்ஜெக்ரருக்குள்ளும் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் அந்த டீசல்தான். வற்ற ஓடினால் இரும்பு இரும்பைத் தேய்க்கும். அதனால் விக்கத் தொடங்கியதும் மட்டமான ஓரத்தில் நிறுத்தி, எஞ்சின் தானாக நிற்பதற்கு முன் நீங்கள் நிறுத்துங்கள். சிவப்பு வரும்வரை பார்த்திருக்கவே வேண்டாம். சோளகக் காலத்தில் பூநகரியை எட்டும்போது ராங்கியில் பாதிக்குக் கீழே இருந்தால் அங்கேயே நிரப்புங்கள்.

தப்பித்தவறி வற்றி நின்றுவிட்டால், கொஞ்சமாக ஊற்றாமல் 10 லீற்றராவது ஊற்றுங்கள். பில்ரர் தலையில் இருக்கும் எயார் ஆணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று குமிழியில்லாத டீசல் வரும்போது ஆணியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்துவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். ஒரு தரத்துக்கு 10, 15 விநாடிக்கு மேல் சுற்றவேண்டாம். ஸ்ராட்டர் ஆற விட்டு மறுபடி சுற்றுங்கள். இது பழைய பம்ப் எஞ்சினுக்குச் சொல்வது. ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்ரருக்கும் டீசல் போகும் புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் உயர் அழுத்தக் குழாய்களில் கைவைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மண்ணெண்ணெய் வேண்டாம், தம்பி. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் சூப்பிப் போத்தலில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை வைத்துத்தான் உங்கள் கூட்டாளி சொல்கிறார் என நினைக்கிறேன். அந்தக் காலத்துச் சனத்தின் கெட்டித்தனம் பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவை காபரேற்றர் வைத்த பெற்றோல் எஞ்சின்கள். அவற்றில் எரிபொருள் எரிந்தால் போதும், எதையும் வழுவழுப்பாக்கத் தேவையில்லை. டீசல் பம்புக்கு அது தேவை. மண்ணெண்ணெய் மெல்லியது, அந்த வேலையைச் செய்யாது. அதற்குப் பதில் மூடி இறுகிய கானில் 10 லீற்றர் டீசலை லொறிப் பெட்டிக்குள் கட்டி வையுங்கள், கபினுக்குள் வேண்டாம்.

கேள்வி: எதிர்க்காற்றில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டி ஓடினால் டீசல் மிச்சமாமே?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: மிச்சம்தான், ஆனால் ஓடாதீர்கள். 60இல் ஓடும் லொறி ஒரு விநாடியில் 16 மீற்றருக்கு மேல் போய்விடும். உங்கள் கால் பிறேக்கைத் தேடும் நேரம் அது. பஸ்காரருக்கு முன்னால் றோட்டில் படுத்திருக்கும் மாடு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி விட்டு, 45இல் ஓடுங்கள்.