மரச்சீனியும் சாளையும் சாப்பிடுகிறவர்களுக்கு: ரத்தப் பரிசோதனைக் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்தும் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, மார்த்தாண்டம் பகுதியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் பதிலளிக்கிறார்.

களியக்காவிளை, மளிகைக் கடைக்காரர்: அக்கா, சோதனைக்கு மூன்று நாள் முன்பே மரச்சீனிக் கிழங்கையும் (மரவள்ளி) இனிப்பையும் நிறுத்திவிட்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 108தான். ஆனால் மூன்று மாதச் சராசரி 8.1 என்று இருக்கிறது. லேப்பில் தவறு நடந்திருக்குமா?

தவறு இல்லை தம்பி. 108 என்பது அன்று காலை நிலவரம் மட்டுமே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் அளவு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. எனவே மூன்று நாள் பத்தியம் அந்தக் கணக்கை அசைக்காது. 6.5 தொட்டாலே நீரிழிவு என்று கொள்வார்கள், உங்களுக்கு 8.1. தயவுசெய்து சோதனைக்கென்று தனிச் சாப்பாடு வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் அந்த 108ஐ நம்பி மருந்தைக் குறைத்துவிட்டால், பாதிக்கப்படுவது உங்கள் கண்ணும் சிறுநீரகமும்தான்.

மரச்சீனியை விஷம் என்று நான் சொல்லமாட்டேன். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு அது. அரிசி கிடைக்காத காலங்களில் நம் முன்னோரின் பசியாற்றியது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. 100 கிராமில் இரண்டு கிராம் புரதம்கூட இல்லை. கிழங்கு தின்றுவிட்டுச் சோறும் உண்பதுதான் கெடுக்கிறது. இரண்டு மூன்று துண்டு, அதோடு மீன்குழம்பு, ஏதாவதொரு கீரை என்று சாப்பிடுங்கள்; அந்த வேளைக்குச் சோறு வேண்டாம். சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருநாள் சர்க்கரையைப் பாருங்கள். உங்கள் உடம்பு எவ்வளவு கிழங்கைத் தாங்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி: விடியுமுன் ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு வெட்டுக்குப் போகிறேன். முடித்துவிட்டு வந்து ரத்தம் கொடுக்கலாமா?

சர்க்கரை போட்ட சாயா குடித்தால் அது வெறும் வயிறு ஆகாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம், தாராளமாகக் குடியுங்கள். கடுமையாக உழைத்த உடனே ரத்தம் எடுத்தால் கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி தசையிலிருந்தும் கசிந்து கூடி, கல்லீரல் கெட்டதுபோல் பயமுறுத்தும். மழையில் வெட்டு நிற்கும் நாளில் காலையிலேயே வாருங்கள். முந்தின இரவு மது வேண்டாம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும்.

கருங்கல் அருகே, அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) வேலை பார்ப்பவர்: எனக்கு ஹீமோகுளோபின் 8.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை 90. ஆனால் எச்பிஏ1சி 6.2, நீரிழிவின் தொடக்கம் என்கிறார்கள். சோற்றைக் குறைத்துவிட்டேன்.

அம்மா, சோற்றைக் குறைக்க அவசரப்படாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். முதலில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சி உண்டா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சோகை சரியான பிறகு எச்பிஏ1சியைத் திரும்பப் பார்த்து முடிவு செய்யலாம்.

உங்களைப் போன்ற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டில் மீன் துண்டு எல்லாருக்கும் போன பிறகுதான் உங்கள் தட்டுக்கு வரும். சாப்பிட்ட கையோடு ஒரு சாயா. அந்தச் சாயா உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரைத் துவரனில் (பொரியல்) எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். மீனையும் இறைச்சியையும் உங்களுக்கும் சமமாக எடுத்து வையுங்கள். அவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். 8.6 இருக்கும்போது உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதங்கள் ஆகும்.

குளச்சல், மீனவர்: யூரிக் அமிலம் 7.4. வலி எதுவும் இல்லை. சாளையை (மத்தி மீன்) விட்டுவிட வேண்டுமா?

சாளையிலும் நெத்திலியிலும் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரின் அதிகம் என்பது உண்மை. ஆனால் மூட்டுவலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவருக்கு இந்த எண்ணுக்காக மட்டும் பொதுவாக மருந்து தருவதில்லை. மதுவையும் இனிப்புக் குளிர்பானத்தையும் முதலில் நிறுத்துங்கள். அவற்றை வைத்துக்கொண்டு இதயத்துக்கு நல்லதான சாளையை மட்டும் ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. அளவாகச் சாப்பிடுங்கள்.

பாறசாலை, ஆசிரியை: தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டும் என்று கேட்டிருக்கிறேன். எனக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 168.

கூட்டும்தான் டீச்சர், ஆனால் கெட்ட கொழுப்பையும் சேர்த்தே கூட்டும். அந்த எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பொரித்த மீனையும் ஏத்தன்காய் வற்றலையும் (நேந்திரங்காய் வறுவல்) குறைத்து, எண்ணெயை மாற்றிப் பாருங்கள். அவியலுக்குக் கடைசியில் ஊற்றும் ஒரு கரண்டியை நான் பறிக்கமாட்டேன். 6 முதல் 12 வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் மருந்துக்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

தக்கலை: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. இளநீர் கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு சோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா?

ஆம். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக அளவில் எடுத்தால் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல கருவிகளில் பயோட்டின், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் அளவைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் பொய்யாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடக்கூடும். ரத்தம் எடுப்பவரிடம் அந்த மாத்திரையின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.