பக்கத்துத் துறைமுகங்கள் போட்டியை விட்டுவிட்டு ஏன் கைகோக்கின்றன?

அமெரிக்காவின் சியாட்டிலையும் டகோமாவையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கி.மீ.தான். கப்பல் கம்பெனி ஒரு துறைமுகத்திடம் போய், "பக்கத்தில் கட்டணம் குறைவாமே" என்றால் போதும், இவர்கள் இறங்கி வந்தாக வேண்டும். 2012-ல் கப்பல் கம்பெனிகளின் கூட்டணி ஒன்று சியாட்டிலை விட்டு டகோமாவுக்கு மாறியது. அதனால் அந்தப் பகுதிக்கு மொத்தத்தில் கூடுதல் சரக்கு வந்ததா? இல்லை, இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போனது, அவ்வளவுதான். இதற்கிடையே கனடாவின் வான்கூவரும் பிரின்ஸ் ரூபர்ட்டும் சரக்கை இழுத்துக்கொண்டிருந்தன.

சரி என்று 2015-ல் சியாட்டிலும் டகோமாவும் தங்கள் சரக்கு முனையங்களை ஒரே கூட்டமைப்பின் கீழ் கொண்டுவந்தன. கட்டணம் பேசுவது இப்போது ஒரே ஆள். பெரிய கப்பலுக்கான கிரேனை எந்த முனையத்தில் நிறுத்துவது என்பதையும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். நிலம் மட்டும் அவரவர் பெயரிலேயே இருக்கிறது. சியாட்டிலின் விமான நிலையமும் சொகுசுக் கப்பல் வருமானமும் இந்தக் கூட்டில் சேரவில்லை, கவனித்தீர்களா!