மறுபடியும் ஐந்து வருஷமா என்று கேட்ட அம்மாவுக்கு

“மாதம் 65,000 வருகிற ஐடி வேலையை விட்டுவிட்டு கணினி அறிவியலில் பிஎச்.டி. படிக்கப் போகிறேன் என்கிறாள், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்” என்றீர்கள். உங்கள் மகள் பக்கத்திலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் முழுதாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதன்பிறகு 42,000 ரூபாய். 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. வருமானம் குறையும் என்பது உண்மைதான். அவள் சம்பளத்தில் வீட்டுக்கடன் தவணை ஓடுகிறதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மூன்றாம் வருஷத்தில் சொன்னால் பாதியில் நிறுத்த வேண்டிவரும். அப்படி நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலம்? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 வருஷம் சலுகை உண்டு. ஐஐடிகளுக்குத் தனி விதிகள். கணினி அறிவியலில் ஐந்து வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அதே விதியில் 240 நாள் மகப்பேறு விடுப்பும் இருக்கிறது.

கோர்ஸ் வொர்க், அதாவது ஆராய்ச்சிக்கு முன்னால் படிக்க வேண்டிய பாடங்கள் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். எம்.டெக்கில் நன்றாகப் படித்தவள், சமாளிப்பாள். அதற்கடுத்த காம்ப்ரிஹென்சிவ் தேர்வுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அடிப்படையிலிருந்து நேரில் உட்காரவைத்துக் கேட்பார்கள்.

டி.ஏ., அதாவது கற்பித்தல் உதவியாளர் வேலை என்று ஒன்றும் உண்டு. யுஜிசி கணக்கில் வாரம் 4 முதல் 6 மணி நேரம். இளங்கலை மாணவர்களின் லேபைப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் திருத்துவது. மூன்று பேருடைய புரோகிராமில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருக்கும். யாரைப் பார்த்து யார் எழுதினார் என்று விசாரிப்பதும் இவள் வேலைதான். அலுப்பாகத் தெரியும். ஆனால் பேராசிரியர் வேலைக்குப் போக நினைத்தால் வகுப்பில் நிற்கும் பழக்கம் இங்கேதான் வரும்.

இனி ஆராய்ச்சி. பல துறைகளில் கட்டுரை வெளியிட ஆய்விதழ்தான் பெரிது. கணினியில் மாநாடுகளுக்கே மவுசு. நியூரிப்ஸ் என்கிற இயந்திரக் கற்றல் மாநாட்டுக்கு 2023-இல் 12,343 கட்டுரைகள் வந்தன, தேர்வானவை 3,218. நான்கில் மூன்று திரும்பிவிட்டன. மே மாதம் அனுப்பினால் செப்டம்பரில் பதில். நிராகரித்தால் திருத்தி வேறு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும். பள்ளியிலிருந்து முதல் மதிப்பெண்ணே வாங்கிப் பழகிய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் உடைந்துபோகிறார்கள். அப்போது “வேலையிலேயே இருந்திருக்கலாமே” என்ற வார்த்தை வீட்டிலிருந்து வரக்கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். பல மாநாடுகளில் கட்டுரை அனுப்பும் கெடு, உலகில் கடைசியாக நாள் முடிகிற இடத்தின் நள்ளிரவு. நமக்கு அது மறுநாள் மாலை 5:30. அதுவரை போனை எடுக்கமாட்டாள், பயந்துவிடாதீர்கள்.

சரி, எனக்கு இருக்கும் ஒரே பயம் கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் பற்றியது. கல்லூரிப் பெயரை எல்லோரும் விசாரிக்கிறார்கள், கைடை விசாரிப்பவர் குறைவு. எழுதிக் கொடுத்ததை ஒரு வாரத்தில் படித்துத் திருப்பித் தருபவரா, மூன்று மாதம் மேசையிலேயே வைத்திருப்பவரா என்பதில்தான் ஐந்து வருஷம் ஏழாகிறது. நேர்முகத் தேர்வுக்கு முன்னால் அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரிடமும், பாதியில் விட்டுப்போன ஒருவரிடமும் உங்கள் மகள் பேசட்டும். எத்தனை வருஷமாயிற்று, முதல் கட்டுரை எப்போது வந்தது, ஊருக்குப் போக லீவு கேட்டால் என்ன சொல்வார்: இந்த மூன்றையும் கேட்டால் போதும். பதில்களோடு இருவரும் வாருங்கள். அதற்கு முன்னால் வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம் என்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.